சத்தம் தாங்காத குழந்தைக்கு ‘ராக்கம்மா கையத் தட்டு’ ஒத்துவருமா?

மாடிப்படி:
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். வரவேற்பில் லைட் மியூசிக் உண்டு. மணமக்கள் மேடை ஏறும்போது ‘ராக்கம்மா கையத் தட்டு’ பாடியே ஆக வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரே பிடிவாதம். எனக்கும் பிடித்த பாட்டுதான். ஆனால் என் மகளுக்கு எட்டு வயது, ஆட்டிசம் இருக்கிறது, மிக்ஸி போட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடுவாள், குக்கர் விசில் வரப்போகிறது என்று தெரிந்தாலே அழுகை வந்துவிடும். இதே பாட்டை என் போனில் மெதுவாக வைத்தால் கூடவே முணுமுணுக்கிறாள், அதிலும் நடுவில் தேவாரம் வரும் இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். அதனால்தான் குழப்பம். இந்தப் பாட்டு அவளுக்கு ஆகுமா, ஆகாதா? சித்தி கல்யாணத்தில் அவளும் மேடையில் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

பழைய கேசட்:
1991 ‘தளபதி’, இளையராஜா இசை, எஸ்.பி.பி.யும் ஸ்வர்ணலதாவும் பாடியது. 2002-ல் பி.பி.சி. நடத்திய உலக வாக்கெடுப்பில் நாலாவதாக வந்த பாட்டு, மாப்பிள்ளை வீட்டாரைக் குறை சொல்ல முடியாது!

பாட்டை மட்டும் வைத்துச் சொன்னால், பாதி ஆகும், பாதி ஆகாது. மெல்ல ஏறி வருகிற பாட்டு இல்லை இது, வயலின் கூட்டம் எடுத்த எடுப்பிலேயே வேகம் பிடித்துவிடும். ஆனால் தாளம் பிடித்த பிறகு அடுத்த அடி எங்கே விழும் என்று முன்பே தெரிந்துவிடுகிறது, சத்தம் தாங்காத பலருக்கு உரத்த சத்தத்தைவிட எதிர்பாராத சத்தம்தான் பெரிய தொல்லை. ‘குனித்த புருவமும்’ வரும்போது ஆட்டமெல்லாம் அடங்கி, அப்பர் சிதம்பரத்தில் பாடிய அந்தப் பதிகம் மட்டும் நிற்கும். உங்கள் மகள் சரியான இடத்தைத்தான் பிடித்திருக்கிறாள். அது முடிந்து மறுபடி தாளம் வருகிற நொடியைக் கவனித்துக்கொள்ளுங்கள். காது அமைதிக்குப் பழகியிருக்கும் நேரத்தில் திடீரென்று அடி விழும். போனில் இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும், மேடையில் அப்படி இருக்காது.

மிக்ஸர் பக்கம்:
லைட் மியூசிக் குழுக்களுக்கு சவுண்ட் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், போனில் கேட்பதும் மண்டபத்தில் கேட்பதும் ஒரே பாட்டே இல்லை. அந்த வயலின்களைக் கீபோர்டில்தான் வாசிப்பார்கள், அது எடுபட வேண்டும் என்று ஏற்றி வைப்போம். கூடவே ஆக்டோபேடும் (குச்சியால் தட்டும் மின்னணு டிரம்) சிம்பலும். மனிதக் காதுக்குக் கூர்மை அதிகம் உள்ள இடம் ஏறக்குறைய 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை, சிம்பலும் வயலினும் குத்துவது அங்கேதான். திறந்தவெளியில் ஸ்பீக்கரிலிருந்து இரு மடங்கு தள்ளிப் போனால் 6 டெசிபல் குறையும், டைல்ஸ் போட்ட மண்டபத்தில் சுவரெல்லாம் திருப்பி அடிக்கும், அவ்வளவு குறையாது.

மணமக்கள் ஏறும்போது மட்டும் குழுவை நிறுத்திவிட்டு ஒலிப்பதிவையே போடச் சொல்லுங்கள், அதுவும் மெதுவாக ஆரம்பித்து ஏற்றச் சொல்லுங்கள், மிக்ஸரில் இருப்பவருக்கு இது ஒரு வேலையே இல்லை. மேடை மானிட்டரையும், அதாவது பாடுகிறவர்களுக்குக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கரையும், குறைத்துவிடலாம். மைக் டெஸ்டிங் நடக்கும்போது குழந்தையை உள்ளே கொண்டுவராதீர்கள், கீச்சென்று ஒன்று கேட்டால் அன்றைய நாளே போச்சு. உண்மையில் பாட்டைவிட விசிலும் பார்ட்டி பாப்பரும்தான் எனக்குப் பயம்.

ஊர்க்குருவி:
இவ்வளவு யோசனை எதற்கு? நாங்களெல்லாம் அம்மன் கோயில் திருவிழாவில் ஸ்பீக்கர் பாக்ஸ் அடியில் படுத்துத் தூங்கி வளர்ந்தவர்கள். வீட்டில் நாலு தடவை சத்தமாக வையுங்கள், பழகிவிடும்.

வலது காது:
ஊர்க்குருவி, தயவுசெய்து இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள். எனக்கு ஹைப்பரகூசிஸ், அதாவது சாதாரணச் சத்தத்தைக்கூடக் காது தாங்காத கோளாறு, இருக்கிறது, தட்டு கீழே விழுந்தால் காதுக்குள் ஊசி இறங்குகிற வலி, அதை ‘பழகிவிடும்’ என்று சொன்னவர்கள் வீட்டுக்கு நான் இப்போது போவதே இல்லை. பழக்கலாம்தான், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, வால்யூம் அந்தக் குழந்தையின் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, குழந்தைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 75 டெசிபல் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். அப்படிக் கணக்குப் போட்டால் 99 டெசிபலில் பத்து நிமிடம்கூடக் கிடையாது, மேடைக்கு முன்னால் அந்தச் சத்தம் சர்வ சாதாரணம். ஆட்டிசம் இல்லாத குழந்தைக்கும் இதுதான் அளவு, ஸ்பீக்கர் அடியில் தூங்கியவர்கள் காதைப் பரிசோதித்துப் பார்க்கட்டும்.

மாடிப்படி, காதை முழுதாக மூடுகிற நல்ல இயர்மஃப் வாங்குங்கள், 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும். இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோன் ஏசி மாதிரியான தொடர் சத்தத்துக்கு நல்லது, திடீர் வெடிச்சத்தத்துக்கு அவ்வளவாக உதவாது. மண்டபத்துக்குள் நுழையும் முன்பே மாட்டிவிடுங்கள். ஆனால் வீட்டில் நாள் முழுக்கப் போட வேண்டாம், எப்போதும் மூடியே வைத்தால் சத்தத்துக்குக் காது கூசுவது இன்னும் கூடும் என்றுதான் காது நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள். அவள் கையைக் காட்டினால் உடனே வெளியே கூட்டிப்போக ஒருவர் தயாராக இருக்கட்டும், அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் நல்லது.

மாடிப்படி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாப்பிள்ளையிடமே நேராகப் பேசினேன், ஒலிப்பதிவுக்கு உடனே சரி என்றுவிட்டார், பாப்பரும் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. இயர்மஃப் வாங்கி அவளிடமே கொடுத்தாயிற்று, பாட்டைப் போட்டு அவளே வால்யூமை ஏற்றி இறக்குகிறாள். ஒரே சிக்கல், வாசலில் செண்டை மேளம் சொல்லி அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். அதை என்ன செய்வது?

மிக்ஸர் பக்கம்:
ஐயோ, செண்டையா! அதற்கு மிக்ஸரும் கிடையாது, வால்யூமும் கிடையாது. டைனிங் ஹால் பக்கம் எப்படியும் ஒரு வழி இருக்கும், மேளக்காரர்கள் வருவதற்கு முன்பே அது வழியாக உள்ளே போய், மணமகள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள். மேளம் நின்ற பிறகு போன் செய்யச் சொல்லுங்கள், அப்புறம் மேடைக்கு வந்தால் போதும்.