மண்டபம் பக்கம் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் உப்பாகிவிட்டது: கடல் ஏறியதா, பழைய உப்பா? எப்படி நிரூபிப்பது?

கரைமணல்:

வணக்கம். எம்.எஸ்சி. நிலவியல் திட்டப்பணிக்காக உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு ஊரை எடுத்திருக்கிறேன். மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து சுமார் 700 மீட்டர் உள்ளே. மேலே மணல், சுமார் 11 மீட்டருக்குக் கீழே களி கலந்த மணல்.

ஊர்ப் பொதுப் போர் 18 மீட்டர். ஃபில்டர் பைப் (தண்ணீர் உள்ளே வரும் துளையுள்ள பகுதி) 12 முதல் 18 மீட்டர் வரை. இ.சி. (மின்கடத்துதிறன், உப்பு கூடினால் இதுவும் கூடும்) சென்டிமீட்டருக்கு 5,800 மைக்ரோசீமென்ஸ். அங்கிருந்து 60 மீட்டர் தள்ளி 4.5 மீட்டர் ஆழத்தில் ஒரு உறைகிணறு, அதில் 880தான்.

ஆய்வக முடிவு (லிட்டருக்கு மில்லிகிராம்):
போர்: குளோரைடு 1,640, சோடியம் 820, கால்சியம் 190, மெக்னீசியம் 130, பொட்டாசியம் 25, பைகார்பனேட் 300, சல்பேட் 240.
உறைகிணறு: குளோரைடு 110, சோடியம் 75, கால்சியம் 70, மெக்னீசியம் 25, பொட்டாசியம் 4, பைகார்பனேட் 290, சல்பேட் 30, நைட்ரேட் 20.

கிழக்கே ஒரு கிலோமீட்டரில் இறால் பண்ணைகள் இருக்கின்றன. உப்பு கடலிலிருந்து இப்போது ஏறுகிறதா, களிமண்ணில் முன்பே தங்கிய உப்பா, பண்ணைக் கசிவா? கையில் இ.சி. மீட்டர், டைட்ரேஷன் சாமான்கள் உண்டு. துறையில் ரெசிஸ்டிவிட்டி மீட்டர் (நிலத்தின் மின்தடையை அளப்பது) ஒரு நாளைக்குக் கிடைக்கும். போரை 30 மீட்டருக்கு இறக்கினால் நல்ல தண்ணீர் வருமா என்று ஊரில் கேட்கிறார்கள். உறைகிணற்றில் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 0.6 மீட்டர் என்று ஜி.பி.எஸ். காட்டுகிறது.

அயனிக்கணக்கு:

முதலில் உங்கள் ஆய்வக முடிவை நம்பலாமா என்று பார்த்தேன். போரில் நேர் அயனிகள் கூட்டினால் லிட்டருக்கு 56.5 மில்லி ஈக்விவலன்ட் (அயனிகளின் மின்னூட்டத்தை வைத்து எண்ணும் அலகு), எதிர் அயனிகள் 56.2. இரண்டும் சமமாக இருக்க வேண்டும். உறைகிணற்றில் 8.9, 8.8. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள். 5 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் மேற்கொண்டு பேசியே பயனில்லை, மறுபடி சோதிக்கச் சொல்லியிருப்பேன்.

சோடியம்/குளோரைடு மோல் விகிதம் போரில் 0.77. கடல்நீரில் 0.86. பலரும் இந்த ஒரு எண்ணை வைத்து “கடல் ஏறிவிட்டது” என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அது போதாது. கலவைக் கணக்குப் போடுங்கள்.

உறைகிணற்றை நன்னீர் முனையாகவும் கடலை மறுமுனையாகவும் வையுங்கள். கடல் குளோரைடை 19,400 என்று எடுத்தால், போரில் கடல்நீரின் பங்கு (1,640 − 110) ÷ (19,400 − 110) = 0.079. ஏறத்தாழ 8 சதவீதம். இந்த அளவு கடல்நீர் வெறுமனே கலந்திருந்தால் சோடியம் சுமார் 923 இருக்க வேண்டும். உங்களிடம் 820. குறைவு 103 மி.கி., அதாவது 4.5 மில்லி ஈக்விவலன்ட். கால்சியம் 97 இருக்க வேண்டும், 190 இருக்கிறது. மிகுதி 93 மி.கி., 4.6 மில்லி ஈக்விவலன்ட். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. மெக்னீசியம் (125க்கு 130), சல்பேட் (243க்கு 240) கலவைக் கோட்டிலேயே நிற்கின்றன.

இதன் பொருள்: நன்னீரில் ஊறிய களியின் மேற்பரப்பில் கால்சியம் ஒட்டியிருக்கும். உப்புநீர் உள்ளே வந்ததும் களி சோடியத்தைப் பிடித்துக்கொண்டு கால்சியத்தை விட்டுவிடுகிறது. உப்பு புதிதாக ஏறும் இடத்தில்தான் இது நடக்கும். களியில் தங்கிய பழைய உப்பை மழைநீர் கழுவிக்கொண்டிருந்தால் திசை தலைகீழ்: தண்ணீரிலிருந்து கால்சியம் களிக்குப் போகும், சோடியம் வெளியே வரும், சோடியம்-பைகார்பனேட் தண்ணீர் கிடைக்கும். உங்கள் போர் அப்படி இல்லை.

ஒரு எச்சரிக்கை. பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம் பக்கம் மேலெழுந்த பவளப்பாறைச் சுண்ணாம்பு உண்டு. அங்கே கால்சியம் கூடினால் சுண்ணாம்பு கரைந்ததாலும் இருக்கலாம். பிரித்தறிய பைகார்பனேட்டைப் பாருங்கள். சுண்ணாம்பு கரைந்தால் அதுவும் சேர்ந்து ஏறும். உங்கள் போரில் எதிர்பார்ப்பு 278, இருப்பது 300. கிட்டத்தட்ட ஏறவில்லை. ஆகவே அயனி மாற்றம் என்ற முடிவு நிற்கிறது.

19,400 என்று நான் எடுத்தது பொது எண். வடகிழக்குப் பருவத்தை ஒட்டிக் கரையோரக் கடலின் உப்பு மாறும். நீங்களே கடல்நீர் மாதிரி எடுத்து டைட்ரேஷன் செய்து அந்த எண்ணை வையுங்கள்.

டைட்ரேஷனில் வழக்கமாகச் சறுக்கும் இடம் மாதிரியின் அளவு. 0.0141 நார்மல் சில்வர் நைட்ரேட் 1 மி.லி.க்கு 0.5 மி.கி. குளோரைடு. போர் தண்ணீரை 100 மி.லி. எடுத்தால் 328 மி.லி. சில்வர் நைட்ரேட் போகும். 5 மி.லி. எடுத்து, காய்ச்சி வடித்த நீரால் 100 மி.லி. ஆக்குங்கள், 16.4 மி.லி.யில் நிறம் மாறும். பி.எச். 7க்கும் 10க்கும் இடையில் இருக்கட்டும். மாதிரியில்லாத வெறும் நீருக்கும் ஒருமுறை பார்த்து அந்த அளவைக் கழித்துவிடுங்கள்.

நீர்மட்டக்கோல்:

மேலே சொன்ன வேதியியல் கணக்கு சரி. நீர்மட்டத்தில்தான் எனக்குக் கவலை. ஜி.பி.எஸ். காட்டும் 0.6 மீட்டரைத் தயவுசெய்து ஆய்வேட்டில் எழுதாதீர்கள்.

காரணம் இது. கடல்நீர் அடர்த்தி 1.025, நன்னீர் 1.000. இந்த வித்தியாசத்தால், கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு மீட்டர் நன்னீருக்கும் கீழே 40 மீட்டர் நன்னீர் நிற்கும். கைபென்-ஹெர்ஸ்பெர்க் விதி. 0.6 மீட்டர் என்றால் 24 மீட்டர். ஆனால் மட்டத்தில் 10 செ.மீ. பிழை வந்தால் ஆழத்தில் 4 மீட்டர் பிழை. கைபேசி ஜி.பி.எஸ்.ஸில் உயரம் பல மீட்டர் தவறும். ஆட்டோ லெவல் எடுத்து, உறுதியான பெஞ்ச் மார்க்கிலிருந்து கிணற்றின் விளிம்புக்கு மட்டம் கொண்டுவந்து, திரும்பப் போய் மூடிப் பாருங்கள். மூடும் பிழை 1 செ.மீ.க்கு மேல் போனால் மறுபடி எடுங்கள்.

அடுத்தது ஓதம். நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்றாலும், கரையை ஒட்டிய கிணறுகளில் அதன் அசைவு தெரியும். ஒருமுறை டேப்பை இறக்கிப் படித்துவிட்டு வராதீர்கள். 25 மணி நேரம், மணிக்கொருமுறை படித்துச் சராசரி எடுங்கள்.

போரின் மட்டத்தையும் உறைகிணற்று மட்டத்தையும் நேரடியாக ஒப்பிடவும் கூடாது. போரில் நிற்கும் தண்ணீர் உப்பு, அதனால் கனம். 15 மீட்டர் தண்ணீர்த் தூணுக்கு 3 முதல் 4 செ.மீ. திருத்தம் வரும். 40 மடங்கு கணக்கில் இது ஒன்றரை மீட்டர் வரை போகும்.

விதி சொல்லும் 24 மீட்டர் கூர்மையான எல்லை. மண்ணுக்குள் அப்படி ஒரு கோடு இல்லை. பல மீட்டர் தடிமனுக்குக் கலவை மண்டலம் இருக்கும். 8 சதவீதம் கடல்நீர் வரும் உங்கள் போரின் அடி அந்த மண்டலத்தில்தான் நிற்கிறது. 30 மீட்டருக்கு இறக்கினால் உப்பு கூடும், குறையாது. ஊருக்கு இதை இன்றே சொல்லிவிடுங்கள், ஆய்வு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆழத்தில் களியடுக்குகளுக்குக் கீழே மணற்கல் நீர்த்தேக்கம் உண்டுதான். அது வேறு ஆழம், வேறு செலவு. 30 மீட்டரில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

இ.சி. அளவை ஆழவாரியாக எடுங்கள். 24 மணி நேரம் மோட்டார் போடாமல் விட்டு, மீட்டரை இ.சி. தெரிந்த 1,413, 12,880 மைக்ரோசீமென்ஸ் திரவங்களில் சரிபார்த்து, அரை மீட்டருக்கு ஒன்றாக மேலிருந்து கீழே மெதுவாக இறக்கிப் படியுங்கள். மேலே இழுக்கும்போது படித்ததைச் சேர்க்காதீர்கள், அதற்குள் தண்ணீர் கலங்கியிருக்கும். உங்கள் போரில் 12 மீட்டர் வரை மூடிய பைப் என்பதால் அதற்கு மேல் வரும் எண்களுக்கு அர்த்தமில்லை. 12க்கும் 18க்கும் நடுவில் எங்கே துள்ளுகிறது என்பதே செய்தி.

ரெசிஸ்டிவிட்டிக்கு ஒரு நாள் தாராளம். ஷ்லம்பர்ஜர் முறையில் (ஒரே கோட்டில் நான்கு மின்முனைகள், வெளிமுனைகளைத் தள்ளத் தள்ள ஆழம் தெரியும்) கம்பியைக் கரைக்கு இணையாக விரியுங்கள், குறுக்காக வேண்டாம். குறுக்காக விரித்தால் ஒரு முனை நன்னீரிலும் மறுமுனை உப்பிலும் போய், ஆழத்தில் மாறுவதுபோல் பொய் காட்டும். வெளிமுனைகளுக்கு இடையிலான தூரத்தில் பாதி 100 மீட்டர் வரை போதும். மேல்மணல் காய்ந்திருந்தால் மின்முனைக் குழியில் உப்புத் தண்ணீர் ஊற்றுங்கள், இல்லையேல் மின்னோட்டம் இறங்காது. எதிர்பார்க்க வேண்டிய எண்கள்: மணலுக்கு உருவாக்கக் காரணி (நீர் நிறைந்த மணலின் மின்தடை அந்த நீரின் மின்தடையைப் போல் எத்தனை மடங்கு என்பது) 4 என்று வைத்தால், உறைகிணற்றுத் தண்ணீர் நிறைந்த மணல் 45 ஓம்-மீட்டர், போர் தண்ணீர் நிறைந்தது 7, கடல்நீர் நிறைந்தது 1க்கும் கீழே. பொறி எங்கே என்றால், நன்னீரில் ஊறிய களியும் 5 முதல் 10 ஓம்-மீட்டர் காட்டும். ஆகவே 11 மீட்டருக்குக் கீழே வரும் குறைந்த எண் களியா உப்பா என்று ரெசிஸ்டிவிட்டி மட்டும் சொல்லாது. போர் போட்டபோது வந்த மண் விவரம் யாரிடமாவது இருந்தால் வாங்கிப் பக்கத்தில் வையுங்கள்.

உறைகிணறு:

ஊருக்கு என்ன வழி என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், அதுவும் நிலவியல் வேலைதான்.

கடல் நடுவே கிடக்கும் அரிச்சல்முனை மணலிலேயே சில அடி கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. மழைநீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. அதைக் கஞ்சித்தெளிவை மொள்வது போல மேலாகத்தான் எடுக்க வேண்டும். ஆழப் போரும் பெரிய மோட்டாரும் போட்டால் அடியிலிருக்கும் உப்பு கூம்பாக எழும்பி வரும்.

எவ்வளவு எழும்பும் என்று கணக்குப் போடலாம்: எழுச்சி = நாள் இறைப்பு ÷ (2π × கிணற்று அடிக்கும் உப்பு எல்லைக்கும் உள்ள தூரம் × மணலின் நீர்கடத்தும் திறன் × அடர்த்தி வித்தியாசம் 0.025). நாளுக்கு 20 கன மீட்டர், திறன் நாளுக்கு 15 மீட்டர் என்று வையுங்கள். இது நடுத்தர மணலுக்கு வைக்கும் எடுத்துக்காட்டு எண். உங்கள் மணலுக்குச் சோதித்துப் போடுங்கள். அடிக்கும் உப்புக்கும் 10 மீட்டர் இருந்தால் எழுச்சி 0.85 மீட்டர். அந்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதவரை பாதுகாப்பு என்று பொதுவாக வைக்கலாம், இங்கே 3.3 மீட்டர் வரை இடம் இருக்கிறது, பயமில்லை. அதே 20 கன மீட்டரை, உப்புக்கு 3 மீட்டர் மேலே நிற்கும் போரில் இறைத்தால் எழுச்சி 2.8 மீட்டர். உப்பு நேரே பைப்பில் ஏறிவிடும். ஒரு எச்.பி. மோட்டார் ஒரு நாளில் சில மணி நேரம் ஓடினாலே 20 கன மீட்டர் வந்துவிடும் என்பதை ஊரில் விளக்குங்கள்.

அதனால் போரை நிறுத்திவிட்டு, மேலாகக் கிடையாக எடுக்கும் வழிக்குப் போகச் சொல்வேன். 110 மி.மீ. பி.வி.சி. குழாயில் துளைப்பிளவு போட்டு, கோடைக் கடைசியில் நீர்மட்டம் எங்கே இறங்குமோ அதற்கு 30 முதல் 50 செ.மீ. கீழே, கரைக்கு இணையாகப் பதித்து, சுற்றிலும் 6 முதல் 10 மி.மீ. கூழாங்கல் நிரப்பி, சற்றுச் சரிவாக ஒரு உறைகிணற்றில் கொண்டுவிடுங்கள். கல்லுக்கு வெளியே பொடிமணல் நுழையாமல் வலைத்துணி கட்டாயம். அது இல்லாமல் பதித்தால் குழாய் மணல் தூர்ந்துபோகும். அரை எச்.பி. மோட்டாரை விட்டு விட்டு ஓட்டுங்கள். மழைக்காலத்தில் மட்டம் ஏறியிருக்கும்போது பதித்தால் ஆழம் தப்பும். மே, ஜூனில் தோண்டுங்கள்.

இரண்டு விஷயம் கவனம். மேலாக எடுக்கும் தண்ணீரில் கழிப்பறைக் குழிக் கசிவு சுலபமாகச் சேரும். நைட்ரேட் 45ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள், குளோரின் போட்டுத்தான் குடிக்க வேண்டும். ஊரில் ஆர்.ஓ. நிலையம் இருந்தால் அதன் கழிவுநீர் எங்கே போகிறது என்று பாருங்கள். பக்கத்து மணலில் விட்டால், பிரித்தெடுத்த உப்பு முழுவதும் திரும்ப அதே மணலுக்குத்தான் இறங்குகிறது. மணல்மேட்டை அள்ளுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். நீர்மட்டத்தை உயர்த்திப் பிடிப்பது அந்த மேடுதான். மேடு போய் மட்டம் ஒரு சாண் இறங்கினால், அடியில் நாற்பது சாண் நன்னீர் போய்விடும்.

கரைமணல்:

மிக்க நன்றி. கலவைக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன், அதே எண்கள் வருகின்றன. இறால் பண்ணை பற்றி மட்டும் இன்னும் தெளிவில்லை. பண்ணையில் இருப்பதும் கடல்நீர்தானே, விகிதம் ஒரே மாதிரிதானே வரும்? மாதிரி எந்த மாதங்களில் எடுக்க?

அயனிக்கணக்கு:

ஆமாம், அயனி விகிதம் அதைப் பிரிக்காது. ஆழமும் திசையும் பிரிக்கும். குளக் கசிவு மேலிருந்து இறங்கும். பண்ணைக்கும் ஊருக்கும் இடையில் இருக்கும் ஆழமில்லாத கிணறுகள் முதலில் கெட வேண்டும். அந்த ஒரு கிலோமீட்டரில் உள்ள எல்லா உறைகிணறுகளிலும் இ.சி. எடுத்து வரைபடத்தில் போடுங்கள். பண்ணையை நெருங்க நெருங்க மேல்தண்ணீரில் உப்பு கூடினால் கசிவு. மேல்தண்ணீர் எங்கும் நன்றாக இருந்து, ஆழப் போர்கள் மட்டும் கெட்டு, கரையை நோக்கி உப்பு கூடினால் கடல். கனத்த உப்புநீர் கீழே அமிழ்ந்துவிடவும் கூடும் என்பதால், பண்ணை ஓரத்தில் ஒரு ஆழப் போரையும் சேருங்கள். பணம் கிடைத்தால் தண்ணீரில் உள்ள கனமான ஐசோடோப்புகளான ஆக்சிஜன்-18, டியூட்டீரியம் பார்க்கலாம். இந்த இரண்டையும் வரைபடத்தில் போட்டால் மழைநீர் ஒரு கோட்டில் அமையும்; குளத்து நீர் வெயிலில் ஆவியானதால் அந்தக் கோட்டிலிருந்து விலகி நிற்கும். உப்பளப் பக்கம் சந்தேகம் வந்தால் புரோமைடும் கேளுங்கள். கடல்நீரில் குளோரைடு புரோமைடைப் போல் எடையில் ஏறக்குறைய 290 மடங்கு. கல்லுப்பு கரைந்த நீரில் இது பல மடங்கு கூடும்.

மாதம்: செப்டம்பரில் ஒன்று, ஜனவரியில் ஒன்று கட்டாயம். முடிந்தால் மே மாதமும். கடல் ஏற்றம் என்றால் வறட்சிக் கடைசியில் இ.சி. உச்சம் காட்டி மழைக்குப் பின் கொஞ்சம் இறங்கும். ஒரே ஒரு பருவமழையில் போர் பழைய நிலைக்குத் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம், களி பிடித்த சோடியம் கழுவப்படவே நாளாகும்.

எடுக்கும்போது மோட்டாரை ஓடவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இ.சி. பார்த்து, தொடர்ந்து மூன்று எண்கள் ஒத்துவந்த பிறகே பாட்டிலைப் பிடியுங்கள். ஒரு பாட்டில் 0.45 மைக்ரான் வடிகட்டி, நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2க்குக் கீழே கொண்டுவந்து நேர் அயனிகளுக்கு. இன்னொன்று அமிலம் இல்லாமல், காற்றிடம் விடாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில். பைகார்பனேட்டை அங்கேயே, அன்றே டைட்ரேட் செய்துவிடுங்கள்.