டிராக்டருக்கு அம்பா பாடுறதோ? (கம்பஸ் குழுப்படம் எடுத்த அனுபவங்கள்)

கமெராவை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத ஆறு பேரைச் சேர்த்துவிட்டு, எட்டு நிமிட ஆவணப்படம் ஒன்று செய்து கொண்டு வாருங்கள் என்றால் என்ன நடக்கும் என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். திருகோணமலைப் பக்கம் தொடர்பாடல் படிக்கிற பிள்ளைகளுக்கு உதவலாம்.

எங்கள் குழுவில் மட்டக்களப்பு, மூதூர், கிண்ணியா, வவுனியா என்று நாலு பக்கத்து ஆட்களும் இருந்தோம். முதல் சண்டை தலைப்புக்குத்தான். ஒருவனுக்குக் கோணேசர் கோவிலும் அதன் பக்கத்துப் பாறைப் பிளவான இராவணன் வெட்டும் வேண்டும், அதுவும் மேலே இருந்து ட்ரோனில். ட்ரோனுக்குச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி எடுக்க வேண்டும், கோவில் இருக்கிற கோட்டைக்குள் இராணுவம், துறைமுகப் பக்கம் கடற்படை, ஆகவே அந்தக் கதை அன்றைக்கே முடிந்தது. இன்னொருவன் புறாத்தீவில் கடலுக்கடியில் பவளப்பாறை எடுப்போம் என்று நின்றான். 1962இல் வந்த முதல் வண்ணச் சிங்களப் படத்துக்கே திருமலைக் கடலுக்குள் இறங்கி எடுத்திருக்கிறார்கள், எங்களால் ஏன் ஏலாது என்று கேட்டான். அவர்களிடம் சுழியோடிகள் இருந்தார்கள், எங்களிடம் ஒரு ஃபோனும் பொலித்தீன் பையும்தான் இருக்கிறது என்று மூதூர்ப் பிள்ளை சொன்ன பிறகு அடங்கினான். கடைசியில் கரைவலை, அதாவது கடலில் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று இழுக்கிற மீன்பிடி, என்று முடிவானது.

எழுதும்போது எல்லாம் அழகாகத்தான் இருந்தது. விடியற்காலை, கடலுக்கு மேலே சூரியன், இரண்டு பக்கமும் கயிற்றை இழுத்துக்கொண்டு வரும் ஆட்கள், இழுக்கும்போது அவர்கள் பாடும் அம்பாப் பாட்டு. உப்புவெளியைத் தாண்டி ஒரு வாடிக்கு (கரையில் மீனவர் போடும் ஓலைக் கொட்டில்) போய்ச் சேர்ந்தால், சூரியன் சொன்னபடி எழும்பியது, ஆனால் கயிற்றின் முனையில் ஒரு டிராக்டர் நின்றது. பின்பக்கத்தில் பூட்டிய உருளையில் கயிறு தன்பாட்டில் சுற்றுகிறது, நாலைந்து பேர் அதை ஒதுக்கி அடுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். இஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. "அம்பா பாடமாட்டீங்களா ஐயா?" என்று கேட்டோம். வலை பொத்திக்கொண்டிருந்த வயதான ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "டிராக்டருக்கு அம்பா பாடுறதோ தம்பி?" என்றார்.

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி நல்ல மனிதர். வேண்டுமென்றால் டிராக்டரைக் கொஞ்ச நேரம் நிற்பாட்டிவிட்டுக் கையால் இழுத்துக் காட்டுகிறோம், பாட்டும் பாடுகிறோம் என்றார். குழு அந்த இடத்திலேயே இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேருக்கு அது கிடைத்தற்கரிய வாய்ப்பு, மற்றப் பாதிக்கு அது பொய். பிறகு விரிவுரையாளரிடம் போய்ச் சொன்னால் அவர் தீர்ப்பு எதுவும் தரவில்லை, ஃபிளாஹர்ட்டி என்ற ஆவணப்பட இயக்குநரின் கதையைச் சொன்னார். 1922இல் வந்த அவருடைய ஆவணப்படத்தில், துப்பாக்கி வைத்திருந்த இனுயிட் வேட்டைக்காரர்களைப் பழைய ஈட்டியால் வேட்டையாட வைத்திருக்கிறார். பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்று பாதிச் சுவர் இல்லாத வீடு ஒன்றைக் கட்டி அதற்குள் எடுத்திருக்கிறார். நூறு வருசமாக அதைப் பற்றிச் சண்டை பிடிக்கிறார்கள், நீங்களும் பிடியுங்கள் என்று அனுப்பிவிட்டார். எனக்கு இதில் சந்தேகமே இல்லை, டிராக்டரை மறைத்திருந்தால் அது ஹோட்டல்காரருக்கு எடுத்துக் கொடுத்த விளம்பரமாகத்தான் இருந்திருக்கும்.

சரி, டிராக்டரும் இருக்கட்டும், பாட்டும் இருக்கட்டும், இரண்டையும் தனித்தனியாக எடுப்போம் என்று முடிவு செய்தோம். பாட்டு வாடிக்குள்ளே. அங்கேதான் உண்மையான வகுப்பு தொடங்கியது. ஓலைக்குக் கீழே இருட்டு, பின்னால் பளிச்சென்று கடல். கமெராவின் வெளிச்ச அளவை முகத்துக்கு வைத்தால் கடல் வெள்ளைத் துணி மாதிரி ஆகிறது, கடலுக்கு வைத்தால் ஐயா வெறும் நிழல். லைட் இல்லை, கரண்டும் இல்லை. மூதூர்ப் பிள்ளை ஐஸ் போடும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியின் மூடியைக் கழற்றி, வாசலில் விழுந்த வெயிலை அவருடைய கன்னத்துக்குத் திருப்பினாள். மீன் வாடை அடித்தது, ஆனால் வெளிச்சம் அவ்வளவு மென்மையாக விழுந்தது. ஐயாவைக் கொஞ்சம் திருப்பி இருத்தி, கடல் ஓரமாக மட்டும் தெரிகிற மாதிரிச் சட்டகம் வைத்தோம்.

ஒலிதான் பெரிய தலையிடி. அது கச்சான் காற்று அடிக்கிற காலம். மைக்கோடு வருகிற கறுப்பு ஸ்பொஞ் அந்தக் காற்றுக்கு ஒன்றும் செய்யாது. காற்று மைக்கின் தோலில் நேரடியாக மோதுவதைத்தான் தடுக்க வேண்டும், அதற்கு உரோமம் வைத்த உறை தேவை. கடையில் கிடைக்கவில்லை என்று ஒருத்தி பொம்மைக் கரடி ஒன்றின் முதுகைக் கிழித்துத் தைத்துக் கொண்டுவந்தாள். ரெக்கோடரில் அடித்தொனி இரைச்சலைக் குறைக்கிற லோ கட்டையும் போட்டுவிட்டு, சாதாரணப் பேச்சு மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கிற மாதிரி அளவு வைத்தோம், பாட்டில் குரல் உயர்ந்தால் உடையாமல் இருக்க இடம் வேண்டும். எல்லாம் முடிந்து, யாரும் பேசாமல் வாடியின் வெறும் சத்தத்தையும் அரை நிமிடம் பதிந்தோம். ஐயா அதைப் பார்த்து, "ஒண்டும் இல்லாததையும் பிடிக்கிறியளோ?" என்று சிரித்தார். எடிட்டில் இரண்டு வெட்டுகளுக்கு நடுவே உள்ள ஓட்டையை அடைக்க அந்தச் சத்தம்தான் வேண்டும் என்று அவருக்கு எப்படி விளக்குவது!

கமெரா ஓடும்போது அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விறைத்துப்போய்ப் பாடினார். அதனால் கமெராவை மூடிவிட்டு ஒலியை மட்டும் எடுத்தோம். அப்போதுதான் கவனித்தேன், ஒவ்வொரு அடி முடியும்போதும் அவருடைய வலது தோள் பின்னால் போய் வந்தது, இழுக்கக் கயிறே இல்லை. இன்னொரு தரம் பாடச் சொல்லி அந்தத் தோளை மட்டும் எடுத்தோம். படத்தில் உருளை சுற்றும் காட்சி ஓடும்போதே பாட்டு மெல்லத் தொடங்கும், பிறகு தோள், பிறகு இஞ்சின் சத்தம் ஏறி ஏறிப் பாட்டை விழுங்கும். விளக்கவுரை எழுதி வைத்திருந்தோம், அந்த இடத்தில் முழுவதையும் தூக்கிவிட்டோம்.

புள்ளி விசயம் கேட்பீர்கள். குழுவுக்கு ஒரே புள்ளி. ஒருவன் படப்பிடிப்புக்கே வரவில்லை, அவனுக்கும் அதே புள்ளி. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

*

இதை வாசித்தவுடன் எங்கள் பட்ச் ஞாபகம் வந்தது. எங்கள் தலைப்பு கருவாடு போடும் பெண்கள். முதல் நாள் கமெராவோடு போனவுடன் கேட்ட முதல் கேள்வி, "எந்த டிவி? எங்க போடப் போறியள்?" இந்தக் கரையில் யுத்த காலத்திலும், 2004 சுனாமிக்குப் பிறகும் எத்தனையோ பேர் வந்து படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பிடிபட்டவர்களுக்கு அந்தப் படம் எங்கே போனது என்று தெரியாது. கேள்வி நியாயம்தானே.

ஒரு அக்கா முகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டா. குரல் பரவாயில்லை, கை பரவாயில்லை என்றா. எங்கள் இயக்குநர் (சொந்தமாகப் பட்டம் சூட்டிக்கொண்டவர்) வேறு ஆள் பார்ப்போம் என்றார், நாங்கள் கேட்கவில்லை. மீனைப் பிளக்கிற விரல், உப்புத் தேய்க்கிற உள்ளங்கை, வெயிலில் திருப்பிப் போடுகிற கை, அதற்கு மேலே அவவுடைய குரல். முகம் இருந்திருந்தால் பார்க்கிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்திருப்பார். புதிதாகச் செய்கிறவர்களுக்குச் சொல்வது: முதல் நாள் கமெராவைப் பையிலேயே வைத்துவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடியுங்கள். சம்மதத்தை வாயால் மட்டும் வாங்காமல், எங்கே காட்டப் போகிறீர்கள் என்று தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். முடிந்த படத்தைக் கொண்டுபோய் அவர்களுக்குப் போட்டுக் காட்டுவதும் உங்கள் வேலைதான், அசைன்மென்டில் அது இல்லாவிட்டாலும்.

*

நான் எடிட் செய்கிறவன், உணர்ச்சியான கதை ஒன்றும் என்னிடம் இல்லை. மூன்று விசயம் மட்டும்.

ஃபோனில் எடுக்கிற வீடியோ பெரும்பாலும் ஒரே வேகத்தில் ஓடாது, ஒரு நொடிக்கு எத்தனை சட்டகம் என்பது கூடிக் குறையும். தனி ரெக்கோடரில் பதிந்த ஒலியை அதற்குப் பொருத்தினால் தொடக்கத்தில் உதடு சரியாக இருக்கும், போகப் போக விலகும். எடிட்டுக்கு முதலே ஹான்ட்பிரேக் மாதிரி ஏதாவது ஒரு மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். ஷொட் தொடங்கும்போது கமெராவுக்கு முன்னால் ஒரு தரம் கை தட்டுங்கள், படத்தையும் ஒலியையும் பொருத்த அது போதும்.

இரண்டாவது, கடைக்குள்ளேயும் வகுப்புக்குள்ளேயும் டியூப் லைட்டுக்குக் கீழே எடுக்கும்போது கறுப்புப் பட்டை ஓடுகிறது என்று எல்லாரும் கமெராவைக் குறை சொல்கிறார்கள். எங்கள் நாட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். ஷட்டரை நொடியில் 60இல் ஒன்றில் வைத்தால் பட்டை வரத்தான் செய்யும், 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்றில் வையுங்கள், போய்விடும்.

மூன்றாவது, கமெராவின் மெமரி கார்டை அழிக்கிறவர் ஒருவராகவே இருக்கட்டும், இரண்டு இடத்தில் பிரதி எடுத்துத் திறந்து பார்த்த பிறகுதான் அழிக்க வேண்டும். கரைவலைப் படம் எடுத்தவரிடம் ஒரு கேள்வி: அந்த இஞ்சின் சத்தத்தை டிராக்டருக்குப் பக்கத்தில் நின்று தனியாகப் பதிந்தீர்களா, கமெரா மைக்கில் வந்ததையே போட்டீர்களா? நாங்கள் அடுத்த மாதம் ஒரு அரிசி ஆலையில் எடுக்கப் போகிறோம், அங்கேயும் இதே பிரச்சினைதான் வரப்போகிறது.