மாவிலைத் தோரணத்துக்கு எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) அபராதம் போட முடியுமா? (கலிபோர்னியா)

வாசல்படி:
வணக்கம். ஃப்ரீமாண்டில் டவுன்ஹவுஸ், சொந்த வீடு. பொங்கலுக்கு நிலைவாசலில் கட்டிய மாவிலைத் தோரணம் (பிளாஸ்டிக்தான், இங்கே மாவிலைக்கு எங்கே போவது) இன்னும் தொங்குகிறது. வெளியே பொது நடைபாதையில் அம்மா தினமும் அரிசிமாவில் சின்னதாகக் கோலம் போடுவார். இரண்டும் விதிமீறலாம். 14 நாளில் அகற்றாவிட்டால் 250 டாலர் அபராதம் என்று சங்கத்திலிருந்து கடிதம். வெளித்தோற்ற விதிக்கு வீடு வாங்கும்போதே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இனி வழியே இல்லையா?

காரசேவ்:
மாதச் சந்தாவை நிறுத்துங்கள். தானாக வழிக்கு வருவார்கள்.

கணக்குப்பிள்ளை:
தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அபராதத்துக்காக நீதிமன்றம் போகாமல் வீட்டை ஏலம் விட அவர்களால் முடியாது. சந்தா பாக்கி அப்படியில்லை: 1,800 டாலரை எட்டினாலோ 12 மாதத்தைத் தாண்டினாலோ வீட்டிலேயே கை வைக்கலாம்.

நான் வக்கீல் இல்லை. எங்கள் சங்க போர்டில் மூன்று வருடம் குப்பை கொட்டியவன், அவ்வளவுதான்.

தோரணத்தில் நீங்கள் ஜெயிப்பீர்கள். கலிபோர்னியா சிவில் கோட் (உரிமையியல் சட்டம்) பிரிவு 4706, 2020 முதல் நடப்பில் இருக்கிறது. கதவிலும் கதவு நிலையிலும் சமய நம்பிக்கையால் வைக்கும் பொருளைச் சங்க விதி தடுக்க முடியாது; நீங்கள் போட்ட கையெழுத்து இதை மாற்றாது. மொத்த அளவு 36க்கு 12 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், கதவைத் திறந்து மூட இடைஞ்சல் கூடாது. அதனால் முதலில் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். பிளாஸ்டிக்கா நிஜ இலையா என்று சட்டம் கேட்கவில்லை.

கோலம்தான் சிக்கல். தரை, கதவு நிலை ஆகாது. அதுவும் பொது இடம்.

அப்புறம் அந்த 250. ஒரு மீறலுக்கு 100 டாலருக்கு மேல் கூடாது என்று 2025 ஜூன் இறுதியில் சட்டம் வந்துவிட்டது. உடல்நலம், பாதுகாப்பு விஷயம் என்றால் விலக்கு உண்டு. ஆனால் அதைத் திறந்த கூட்டத்தில் எழுத்தில் பதிய வேண்டும். அபராதம் விதிக்கும் கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே எழுத்தில் அழைப்பு வர வேண்டும், அங்கே பேச உங்களுக்கு உரிமை உண்டு. கூட்டத்துக்கு முன் மீறலைச் சரிசெய்துவிட்டால் அபராதமே கிடையாது. கடிதத்தில் கூட்டத் தேதி இருக்கிறதா?

வாசல்படி:
தேதியே இல்லை! அளந்தேன், 34க்கு 7 அங்குலம். இப்போது என்ன எழுத?

கணக்குப்பிள்ளை:
"சிவில் கோட் 4706ன்படி தோரணம் அனுமதிக்கப்பட்டது. அதே சட்டத்தின் 5910ன்படி சந்தித்துப் பேச விரும்புகிறேன்." இவ்வளவு போதும். எழுத்தில் கேட்டால் சங்கம் பேச வந்தே ஆக வேண்டும், உங்களிடம் கட்டணம் வாங்கவும் கூடாது. கோலத்தை அதற்குள் கழுவிவிடுங்கள்.

வாசல்படி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். தோரணம் பற்றிய புகாரைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள், அபராதம் இல்லை. அரிசிமாவுக்கு எறும்பு வருகிறதாம், அதனால் நடைபாதையில் கோலம் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்கள். சரி என்று ஒரு பலகையில் போட்டுக் கதவுக்கு உள்ளே வைத்திருக்கிறோம். எறும்பு தின்னத்தானே அரிசிமாவு என்று அம்மா இன்னும் சண்டை போடுகிறார்.