மறு: ஓவல், நீள்வட்டம் இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

வணக்கம்.

> நீள்வட்டம் என்றாலே எல்லாருக்கும் புரிகிறதே, ஓவலுக்குத் தனியாக ஒரு சொல் எதற்கு?

ஓவல் என்பது நீண்டு வளைந்த மூடிய வடிவங்களுக்கெல்லாம் பொதுப்பெயர், நீள்வட்டம் (ellipse) அதில் ஒரு வகை மட்டும். மேசை என்ன வடிவம், கண்ணாடி என்ன வடிவம் என்று சொல்ல மட்டுமென்றால் இரண்டு சொல் தேவையே இல்லை. ஆனால் கோள்களின் பாதை நீள்வட்டம் என்று கண்ட வானியலாளர் கெப்ளரைப் பற்றித் தமிழில் நாலு பத்தி எழுதிப் பாருங்கள், எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

1600-இல் பிராகாவில் வானியலாளர் டைக்கோ பிராகியிடம் வேலைக்குச் சேர்ந்த கெப்ளரிடம் செவ்வாயின் பாதையைக் கணக்கிடும் பொறுப்பு வந்தது. டைக்கோ அடுத்த ஆண்டே இறந்துபோக, அவருடைய அளவீடுகளும் கெப்ளர் கைக்கு வந்தன. வட்டப் பாதையை வைத்துக்கொண்டு எவ்வளவோ நுணுகிப் பார்த்தும் சில இடங்களில் 8 கலை (ஒரு பாகையில் 60 கலை) பிழைத்தது. முழுநிலவின் அகலமே சுமார் 30 கலைதான் என்பதை நினைத்துக்கொண்டால், அது எவ்வளவு சின்னப் பிழை என்று புரியும். வேறு யாராவது என்றால் அளந்தவர் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். டைக்கோ அவ்வளவு பிழை விடமாட்டார் என்று கெப்ளர் நம்பினார். வட்டத்தைக் கைவிட்டார்.

கைவிட்டவர் நேராக நீள்வட்டத்துக்கு வந்துவிடவில்லை. ஒரு முனை மழுங்கி, மறுமுனை கூர்ந்த, அசல் முட்டை போன்ற வளைவு ஒன்றைப் பிடித்துக்கொண்டார். அதன் பரப்பைக் காண வழியில்லாமல் திணறினார். இது சரியான நீள்வட்டமாக இருந்துவிட்டால் பழைய கிரேக்கக் கணிதர்களான ஆர்க்கிமிடீசும் அப்பொல்லோனியசும் செய்துவைத்ததை வைத்தே முடித்துவிடலாமே என்று 1603-இல் சக வானியலாளர் டேவிட் பாப்ரீசியசுக்கு எழுதிய கடிதத்தில் அங்கலாய்க்கிறார். கணக்கு நகர்வதற்காக, முட்டைக்குப் பதிலாக ஏறக்குறைய அதற்குப் பொருந்தும் ஒரு நீள்வட்டத்தை ஊன்றுகோலாக வைத்துக்கொண்டார். தேடிய வளைவின் இனம் கையிலேயே இருந்திருக்கிறது, அளவுதான் வேறு.

அப்புறம்தான் வட்டம் ஒரு பக்கமும் முட்டை எதிர்ப்பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு பிழைப்பது பிடிபட்டது. உண்மைப் பாதை இரண்டுக்கும் நடுவில். ஆரத்தை 1,00,000 என்று வைத்தால், பாதை வட்டத்திலிருந்து பக்கவாட்டில் உள்வாங்கும் அளவு 429. தற்செயலாக 5 பாகை 18 கலை கோணத்தின் சீக்கண்ட் (கொசைனின் தலைகீழ்) மதிப்பு 1.00429 என்று கண்ணில் பட்டதும் விழித்துக்கொண்டார். அதற்குப் பிறகும் கன்னம் உப்பிய இன்னொரு வளைவில் சறுக்கிவிட்டுத்தான் நீள்வட்டத்தில் வந்து நின்றார். 1609-இல் அச்சேறிய 'புதிய வானியல்' நூலில் இந்தத் தடுமாற்றங்களை அவர் மறைக்கவும் இல்லை.

இதையே நம் ஒற்றைச் சொல்லை வைத்துச் சுருக்கினால்: "கெப்ளர் வட்டத்தை விட்டு நீள்வட்டத்துக்கு வந்தார். நீள்வட்டத்தின் பரப்பைக் காண முடியாததால் நீள்வட்டத்தைப் பயன்படுத்தினார். நீள்வட்டம் பொருந்தாததால் கடைசியில் நீள்வட்டத்தை ஏற்றுக்கொண்டார்."

கட்டடங்களுக்கு வந்தால் குழப்பம் இன்னும் கூடும். வாட்டிகனில் புனித பேதுரு சதுக்கம் இருக்கிறதல்லவா, கட்டடக் கலைஞர் பெர்னினி 1656 முதல் 1667 வரை கட்டியது. 284 தூண்கள் நாலு வரிசையாக வளைந்து நிற்கும். தரையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வட்டக் கல் பதித்திருக்கிறார்கள். அந்தக் கல்லின் மேல் நின்று அந்தப் பக்கத்துத் தூண்களைப் பார்த்தால், பின்வரிசைகள் மூன்றும் முன்வரிசைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரே வரிசைதான் தெரியும். கொஞ்சம் விலகினால் போதும், பின்தூண்கள் எட்டிப்பார்க்க ஆரம்பித்துவிடும். இந்தக் கற்களை 'நீள்வட்டத்தின் குவியங்கள்', அதாவது நீள்வட்டத்துக்குள் இருக்கும் இரண்டு சிறப்புப் புள்ளிகள், என்று எழுதுவோர் உண்டு. குவியம் என்றால் இந்த வித்தை நடக்கவே நடக்காது! தூண்கள் நிற்பது வட்ட வில்களில். அந்தக் கல் அந்த வில்லின் மையம். மையத்திலிருந்து கிளம்பும் கோடு எல்லா இடத்திலும் வில்லைச் செங்குத்தாக வெட்டும், அதனால்தான் தூண்கள் ஒன்றன்பின் ஒன்று மறைகின்றன. நீள்வட்டத்தின் குவியத்திலிருந்து கிளம்பும் கோடு நெட்டச்சின் (நீளவாட்டு அச்சின்) இரு முனைகளைத் தவிர வேறெங்கும் செங்குத்தாக வெட்டாது.

அப்படிச் செங்குத்தாக வெட்டாமல் சாய்ந்து மோதுவதுதான் நீள்வட்டத்தின் சிறப்பும்கூட. ஒரு குவியத்தில் கிளம்பியது எங்கே பட்டாலும் தெறித்து மறு குவியத்துக்குப் போய்ச் சேர்கிறது. 1980-இல் மியூனிக்கில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்படுத்திய சிறுநீரகக் கல் உடைக்கும் கருவி இதை நம்பித்தான் இயங்குகிறது. பாதி நீள்வட்டக் கிண்ணத்தின் குவியத்தில், தண்ணீருக்குள் மின்பொறி வெடிக்கும். நோயாளியின் சிறுநீரகக் கல் மறு குவியத்தில் இருக்கும்படி அவரை நகர்த்தி வைப்பார்கள். அந்தக் கிண்ணத்தைப் பெர்னினி பாணியில் வட்ட வில்களை ஒட்டிச் செய்தால் கல் உடையாது.

ஆகவே என் முன்மொழிவு: நீள்வட்டம் என்பதைக் கணிதம் சொல்லும் அந்த ஒரு வளைவுக்கு மட்டும் ஒதுக்கிவிடுவோம். ஓவலுக்குப் பொதுப்பெயராக 'நெடுவளை' அல்லது 'முட்டைவளை'. எனக்கு நெடுவளை பிடித்திருக்கிறது, நாக்கில் எளிதாக ஓடுகிறது.

———

வணக்கம். பிரிவினை வேண்டும் என்பதில் உடன்படுகிறேன். நெடுவளையில் உடன்பாடில்லை.

இலங்கைப் பாடநூல்களில் கெப்ளரின் வளைவுக்கே 'நீள்வளையம்' என்றுதான் பெயர். அதில் படித்த பிள்ளைக்கு நீள்வளையம் ஒன்று, நெடுவளை வேறொன்று என்று நீங்கள் எப்படி விளக்குவீர்கள்? நீள் என்றாலும் நெடு என்றாலும் ஒன்றுதானே. குழப்பத்தைத் தீர்க்கப் போய்க் கடலுக்கு இந்தப் பக்கம் புதுக் குழப்பத்தை உண்டாக்க வேண்டாம்.

இன்னொன்று. எனக்கு அந்த 'நீள்' மேலேயே சந்தேகம் உண்டு. கோள்களின் பாதை அப்படி ஒன்றும் நீண்டு கிடக்கவில்லை, ஆனால் படம் போடுகிறவர்கள் எல்லோரும் சப்பையாக நசுக்கித்தான் வரைகிறார்கள். அப்பொல்லோனியஸ் வைத்த கிரேக்கப் பெயருக்குக் 'குறைவு' என்றுதான் பொருள். 'குறைவளையம்' என்று மாற்றினால் என்ன?

———

> நீள்வளையம் ஒன்று, நெடுவளை வேறொன்று என்று எப்படி விளக்குவீர்கள்?

விளக்க முடியாது. நெடுவளையை விட்டுவிடலாம். முட்டைவளை என்றால் முதல் அசையிலேயே வேறாகிவிடுகிறது, கடலுக்கு இரண்டு பக்கமும் செல்லும்.

குறைவளையத்துக்கு நான் வரவில்லை. பள்ளிப் புத்தகம் வரை வேரூன்றிய சொல்லைப் பிடுங்கினால் அது போய்ச் சேர இரண்டு தலைமுறை ஆகும். ஆனால் படங்களைப் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. செவ்வாயின் பாதையை 20 செ.மீ. நெட்டச்சோடு தாளில் வரைந்தால், குற்றச்சு (அகலவாட்டு அச்சு) அதைவிட 0.9 மி.மீ.கூடக் குறையாது. கவராயத்தால் போட்ட வட்டத்தின் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் சூரியன் நிற்கும் குவியம் நடுவிலிருந்து 9 மி.மீ. தள்ளி இருக்கும், அது பளிச்சென்று தெரியும். பூமிக்குப் போட்டால் அச்சுகளின் வேறுபாடு பென்சில் கோட்டின் தடிமனுக்குள் காணாமல் போய்விடும், குவியம் மட்டும் ஒன்றரை மி.மீ.க்குச் சற்று மேல் விலகி நிற்கும். நீட்டத்தைப் பார்க்கவேண்டுமென்றால் ஹாலி வால்மீனிடம்தான் போகவேண்டும். அதே 20 செ.மீ. நீளத்துக்கு அதன் அகலம் 5 செ.மீ.தான்.

மையத்தொலைத்தகவு (eccentricity) என்று நாம் சொல்லும் எண் முதலில் காட்டுவது இந்த விலகலைத்தான். எனவே கோள்களைப் பற்றி எழுதும்போது 'நீண்ட பாதை' என்று அளக்காமல் 'சூரியன் நடுவில் இல்லை' என்பதை முன்னால் சொன்னால் படம் வரைகிறவர்களும் திருந்துவார்கள். பெயரை மாற்ற வேண்டியதில்லை.

அடுத்து, முட்டை என்றதும் ஒரு முனை கூரானதுதானே மனதில் வரும் என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். பொதுப்பெயர் முட்டைவளை, கூர்முனை உள்ளதைத் தனித்துச் சொல்லவேண்டிய இடத்தில் 'கூர்முட்டைவளை'. கெப்ளர் மாட்டிக்கொண்டது அதில்தான். பெர்னினியின் சதுக்கத்தைப் போல நாலு வட்ட வில்களை ஒட்டி அமைப்பது 'நால்வில் முட்டைவளை'. இதற்குப் பெயர் இருப்பது அவசியம் என்பேன். ஏனென்றால் கட்டுகிறவர்களுக்குப் பல நேரம் நீள்வட்டத்தைவிட இதுதான் தோது. நீள்வட்டத்துக்கு வெளியே ஒரே அகலம் விட்டு இன்னொரு கோடு போட்டால் அது நீள்வட்டமாக இருக்காது. வில்களால் ஆனதற்கு அந்தத் தொல்லை இல்லை, அதே மையங்களில் கயிற்றைக் கொஞ்சம் நீட்டிப் பிடித்தால் அடுத்த வரிசை தயார். இருக்கைகளும் தூண்களும் அடுக்கடுக்காக வரும் இடத்தில் இது பெரிய லாபம். ரோமின் கொலோசியம் இரண்டில் எந்த வகை என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்த வாதத்தைத் தமிழில் எழுதவாவது நமக்கு இரண்டு பெயர் வேண்டும்.

வானியலாளர் காசினியும் இங்கே வருகிறார். இரு குவியங்களிலிருந்தும் உள்ள தொலைவுகளின் கூட்டல் மாறாமல் இருந்தால் நீள்வட்டம். பெருக்கல் மாறாமல் இருக்கும் வளைவே வானில் இருக்கவேண்டும் என்று 1680-இல் அவர் நினைத்தார். கோள்கள் ஒத்துழைக்கவில்லை, வளைவுக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. இதைக் 'காசினி நீள்வட்டம்' என்று எழுதினால் அவர் மறுத்ததையே அவர் தலையில் கட்டுகிறோம். காசினி முட்டைவளை.

ஓட்டப்பந்தயத் தளம் இரண்டு அரைவட்டமும் இரண்டு நேர்கோடும். செய்தியில் நீள்வட்டத் தளம் என்று வந்தால் திருத்தச் சொல்லிப் பார்க்கலாம், அதற்கென்று புதுச்சொல் வேண்டாம்.

வேறு மறுப்பு இல்லையென்றால் நம் கலைச்சொல் தொகுப்பில் முட்டைவளை, கூர்முட்டைவளை, நால்வில் முட்டைவளை மூன்றையும் ஏற்றிவிடுகிறேன். நீள்வளையத்தை நீள்வட்டத்துக்கு இணையாக அதே வரியிலேயே போடுகிறேன். சூரியன் இல்லாத மறு குவியத்துக்கு 'வெற்றுக்குவியம்' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறது. அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள்.