எலும்பு சாடில் போட்ட பிறகு ஆறாவது கம்பி மட்டும் மங்கிவிட்டது, உதவுங்கள்

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். என் அகூஸ்டிக் கிட்டாரில் இருந்த பிளாஸ்டிக் சாடிலை (மேற்பலகைப் பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) கழற்றிவிட்டு, போன வாரம் எலும்பில் செய்த ஒன்றைப் போட்டேன். பழையதன் அடிப்பக்கம் உள்ளே வெறுமையாக இருந்தது. எலும்பு கெட்டி, கம்பியின் அதிர்வை மேற்பலகைக்கு நன்றாகக் கடத்தும் என்றுதான் மாற்றினேன்.

மற்ற ஐந்து கம்பிகளும் இப்போது தெளிவாக, நீண்டு ஒலிக்கின்றன. கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் தடித்த ஆறாவது கம்பி துணியால் மூடியது போல மங்கல். மூன்றாம் பிரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கட்டை) அழுத்தி வாசித்தாலும் அப்படியேதான், ஆகவே கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டில் பிழை இருக்காது. கம்பிகளும் புதியவை; இங்கே கடற்காற்றுக்குச் சீக்கிரம் கறுத்துவிடும் என்பதால் அவற்றையும் அன்றே மாற்றினேன்.

நேற்று சாடிலை இரும்பு அடிமட்டத்தின் மேல் நிறுத்தி விளக்குக்கு எதிரே பிடித்தேன். ஆறாவது கம்பிப் பக்கம் மயிரிழை அளவு வெளிச்சம் தெரிகிறது. பொருத்துமுன் அடியைக் கையில் பிடித்துத் தேய்த்ததில் அந்த நுனி கூடுதலாகத் தேய்ந்துவிட்டது போல.

கண்ணாடித் துண்டில் சாண்ட் பேப்பர் ஒட்டி அடியைச் சமப்படுத்தினால் போதுமா? சாடில் அரை மில்லிமீட்டர் குறைந்தால் 12ஆம் பிரெட்டில் கம்பி கால் மில்லிமீட்டர் இறங்கும், ஏற்கெனவே உயரம் குறைவு. அப்புறம், அடியில் மெல்லிய மரச்சீவல் வைத்தால் ஒலி கெடுமா? கம்பியின் அடிநுனியைப் பிடித்து வைக்கும் பின்களைப் பித்தளையில் போடச் சொல்கிறான் நண்பன். முதலில் இதைச் சரிசெய்யத்தான் விருப்பம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.