நொய்யல் சாயத் தண்ணீர்: நீங்கள் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

கீழ்க்காடு:

நான் முதலில் ஆரம்பிக்கிறேன். எங்கள் ஊர் சென்னிமலைப் பக்கம், ஒரத்துப்பாளையம் அணையிலிருந்து நடக்கிற தூரம். 1992-ல் அணை திறந்தபோது எனக்குப் பதினோரு வயது. ஈரோடு, கரூர் பக்கம் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பாசனம் என்றார்கள். எங்கள் அப்பாரு (தாத்தா) அன்று புது வேட்டி கட்டிக்கொண்டு போய்த் தண்ணீரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார். கிணற்றடிக் காட்டில் மஞ்சள் போடலாம், வரப்போரம் இன்னும் நாற்பது தென்னை வைக்கலாம் என்று வீட்டில் ஒரே பேச்சு.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து காவிரியில் சேருகிற ஆறு. மழை பெய்தால்தான் அதில் மழைத் தண்ணீர். மற்ற நாளெல்லாம் மேலே திருப்பூரில் சாயப்பட்டறைகள் விட்டதுதான் இங்கே வந்து தேங்கியது. நாலைந்து வருஷத்தில் கிணறு மாறிவிட்டது. முதலில் கண்டுபிடித்தது ஆத்தா. துவரம்பருப்பு எத்தனை விறகு வைத்தாலும் வேகவில்லை. கடைக்காரன் பழைய பருப்பைத் தள்ளிவிட்டான் என்று ஒரு மாதம் அவனைத் திட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் சோப்பு நுரைக்கவில்லை. தொட்டியில் தண்ணீர் இறைத்து ஊற்றினால் மாடு மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். காங்கேயம் மாட்டுக்கு உள்ள வீம்பு தெரியுமே, அடித்தாலும் குடிக்காது.

இளநீர் வெட்டிக் குடித்தால் கரித்தது. இதை வெளியூரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. காய் சிறுத்து, மட்டை தொங்கி, கடைசியில் அப்பாரு வைத்த நாற்பதில் பதினோரு மரம்தான் மிச்சம்.

அணை வேண்டும் என்று மனுக் கொடுத்த அதே ஆட்கள், "அணையில் தண்ணீர் தேக்காதே, மதகைத் திறந்தே வை" என்று மனுக் கொடுத்தார்கள். இந்த நாட்டில் வேறு எங்காவது விவசாயி இப்படிக் கேட்டிருப்பானா, தெரியவில்லை. கரித்த தண்ணீருக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள், அந்தப் பட்டறைகளில் வேலை செய்தவர்கள், யாராக இருந்தாலும் எழுதுங்கள். சண்டைக்கு வரமாட்டேன்.

வின்ச் ஆப்பரேட்டர்:

சண்டைக்கு வரமாட்டேன் என்று சொன்னதால் எழுதுகிறேன் தம்பி. நான் திண்டுக்கல் பக்கத்துக்காரன். 1996-ல் திருப்பூருக்கு வந்து சாயப்பட்டறையில், துணியைச் சாயத்தொட்டியில் சுற்றி முக்குகிற வின்ச் மெஷினில் வேலைக்குச் சேர்ந்தேன். பட்டறைப் பெயர் வேண்டாம்.

வெளியில் இருக்கிறவர்கள் எல்லாரும் சாயத்தைத்தான் பேசுகிறார்கள். உள்ளே நாங்கள் சுமந்தது உப்பு. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமென்றால் உப்புப் போட்டே ஆக வேண்டும். கறுப்பு, நேவி மாதிரி கெட்டி நிறத்துக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் வரை போகும். 50 கிலோ மூட்டையைப் பிரித்துக் கொட்டி, அந்தச் சூட்டில் நிற்கும்போது முகமெல்லாம் எரியும். சாயமாவது முக்கால்வாசி துணியில் ஒட்டும். உப்பு ஒரு கிராம்கூடத் துணியோடு போகாது. சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிட்டு, போட்டது போட்டபடி தண்ணீரோடு வெளியே வந்துவிடும்.

சுத்திகரிப்பு என்று ஒன்று அப்போதும் இருந்தது. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் கலக்கி விடுவோம். நிறம் கசடாகி அடியில் உட்காரும். மேலே நிற்கும் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துக் காட்டினால் குடிக்கலாம் போலத் தெளிவாக இருக்கும். பார்க்க வந்தவர்கள் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன். நாக்கில் வைத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. பல நாள் அந்தச் சுண்ணாம்பு வேலைகூட நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மழை இரவு என்றால் வால்வு திறந்துவிடும், அவ்வளவுதான்.

உங்கள் அணையைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. சாக்கடை எங்கே போகிறது என்று கேட்கிற வயசும் இல்லை, நேரமும் இல்லை. பெண் பார்க்கப் போனபோது என் நகக்கண்ணில் இருந்த நீலத்தைப் பார்த்துவிட்டு மாமனார், "தம்பி பெயின்டரா?" என்று கேட்டார். அதுதான் எனக்கிருந்த ஒரே கவலை.

2011 ஜனவரி 28. அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேல். ஒரு சொட்டுகூட வெளியே விடாத ஏற்பாடு செய்தால்தான் திறக்கலாம் என்றது. எனக்கு இரண்டு குழந்தைகள், வாடகை வீடு. ஐந்து மாதம் ஊருக்குப் போய் வெங்காயம் அறுத்தேன். அப்போது உங்கள் பக்கத்து விவசாயிகள் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இப்போது இல்லை. அந்த உப்பை என் கையால்தானே கொட்டினேன்.

கீழ்க்காடு:

அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. ஒன்றே ஒன்று. 2011-ல் திடீரென்று பூட்டிவிட்டார்கள் என்று திருப்பூரில் பல பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். திடீரென்று இல்லை. நொய்யல் ஆயக்கட்டுதாரர் சங்கம், அதாவது அந்த ஆற்றுப் பாசன விவசாயிகள் சங்கம், போட்ட வழக்கில் 2006 டிசம்பரிலேயே தீர்ப்பு வந்தது. 2007 ஜூலைக்குள் வெளியே விடுவதை நிறுத்த வேண்டும், அதுவரை லிட்டருக்கு 6 பைசாவில் ஆரம்பித்துப் படிப்படியாக அபராதம். 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. லிட்டருக்கு 6 பைசா என்று பேப்பரில் படித்துவிட்டு எங்கள் அப்பா, "ஊத்திவிடறது லாபம்டா" என்றார். அதுதான் நடந்தது. நாலு வருஷம் ஆகியும் நடக்காததால் பூட்டு.

லாரித் தண்ணி:

நான் அதிகம் எழுதத் தெரியாதவன். 98-லிருந்து தண்ணி லாரி ஓட்டினேன். சாயம் போட நல்ல தண்ணீர் வேண்டும். உப்பு ஏறிய கடினத் தண்ணீரில் ஷேடு, அதாவது நிறம், மாறிவிடும். ஊர்த் தண்ணீர் கெட்டுவிட்டது என்று பட்டறைகளே வெளியிலிருந்து லாரியில் வாங்கின. கெடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை, எனக்கு நடைக்குக் காசு. முதலில் ஊரை ஒட்டிய தோட்டத்துக் கிணறு. அங்கே வற்றியதும் அடுத்த ஊர். அப்புறம் டீசல் கட்டுப்படியாகாத தூரம். தோட்டக்காரர்களும் வெள்ளாமையை விட்டுவிட்டுத் தண்ணீர் விற்றார்கள், அதையும் சொல்ல வேண்டும். பவானி ஆற்றிலிருந்து குழாய் வந்த பிறகு எங்கள் லாரிகள் நின்றன. அந்தக் கிணறுகள் பாதி இன்னும் வறண்டுதான் கிடக்கின்றன.

வேதியியல் டீச்சர்:

காங்கேயம் பக்கம் மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். வின்ச் அண்ணன் சொன்னதுதான் விஷயமே. நிறம் போகும், உப்பு போகாது. மாணவர்களுக்கு இதைப் பாடமாகச் சொன்னால் தூங்குகிறார்கள் என்று ஒரு வருஷம் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற கையடக்க டிடிஎஸ் மீட்டரை எடுத்துக்கொண்டு ஆற்றோரத் தோட்டங்களுக்குக் கூட்டிப் போனேன். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. நாங்கள் போன மூன்று கிணறுகளும் 2,000-ஐத் தாண்டின. மூன்றிலும் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. ஒரு பையன் மீட்டர் ரிப்பேர் என்று சொல்லி அதை உதறினான்.

மண்ணையும் பார்த்தோம். சோடியம் ஏறிய மண்ணில் களித்துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து, துளைகளை அடைத்துக்கொள்கின்றன. தண்ணீர் விட்டால் மேலேயே நிற்கும், காய்ந்தால் சிமென்ட் போட்ட களம் மாதிரி. அந்தத் தோட்டத்து ஐயா மண்வெட்டியால் ஒரு போடு போட்டுக் காட்டினார். டங் என்று கேட்டது.

இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்ஓ சவ்வு வைத்து உப்பிலிருந்து தண்ணீரைப் பிரிக்கிறார்கள். மிஞ்சும் கெட்டி உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து வற்ற விடுகிறார்கள். தண்ணீரும் கொஞ்சம் உப்பும் மறுபடி சாயத்துக்கே போகின்றன. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எதற்கும் உதவாத கலப்பு உப்பும் கசடும் மூட்டை மூட்டையாகச் சேர்கின்றன. அவற்றை எங்கே வைப்பது என்பதற்கு இன்னும் சரியான விடை இல்லை. முன்பு ஆற்றில் கரைந்து போனது இப்போது ஷெட்டில் மூட்டையாக இருக்கிறது. அடுத்த பெருமழையில் அந்த ஷெட் ஒழுகாமல் இருக்க வேண்டுமே என்று எனக்குக் கவலை.

வின்ச் ஆப்பரேட்டர்:

டீச்சரம்மா சொல்வது சரி. ஆனால் அனுமதியில்லாத சின்னச் சின்னப் பட்டறைகள் சந்து பொந்துகளில் இன்னும் இருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை நாளில் நொய்யல் பாலத்தில் நின்று பாருங்கள், நுரை மிதந்து வரும்.

கீழ்க்காடு:

பார்த்திருக்கிறேன் அண்ணா. போன ஐப்பசியில் அணை வரைக்கும் வந்தது.

டீச்சர் அக்கா, ஒரு உதவி. எங்கள் அப்பா தினமும் காலையில் கிணற்று வாளியில் ஒரு விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் மோட்டார் போடுவார். இருபது வருஷப் பழக்கம். இந்த மழைக்கு அப்புறம், "கரிப்புக் குறைஞ்சிருக்குடா, எள்ளு போடலாம்" என்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. விதை வாங்குவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் மீட்டரைக் கொண்டுவர முடியுமா?

வேதியியல் டீச்சர்:

இந்த ஞாயிறு ஒரு கல்யாணம் இருக்கிறது தம்பி, அடுத்த ஞாயிறு வருகிறேன். வந்தவுடன் அரை மணி நேரம் மோட்டார் ஓட விட்டுத்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். மழைத் தண்ணீர் லேசானது, மேலாப்பில் நிற்கும். அதை மட்டும் மொண்டு பார்த்தால் அப்பாவின் நாக்கு மட்டுமில்லை, என் மீட்டரும் ஏமாந்துவிடும்.