கழித்துப் போட்டதில் கலை: பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதா, எடைக்குப் போடுவதா?

ஜெலுத்தோங் கவிதா:
வணக்கம். எங்கள் கோயில் இளைஞர் பகுதி பள்ளி விடுமுறையில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பட்டறை நடத்தப் போகிறது. தூக்கிப்போட்ட டின், போத்தல், பலகை, டயர் எல்லாம் சேர்த்து விளக்கு, பெஞ்சு, பூந்தொட்டி, சின்னச் சின்ன சிற்பங்கள் செய்யச் சொல்லித்தரத் திட்டம். நிர்வாகத்தில் ஒரு பெரியவர், "எடைக்குப் போட்டால் கோயிலுக்கு நாலு காசாவது வரும், இது எதுக்கு வெட்டி வேலை" என்று சொல்லிவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பினாங்கில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? 2012ல் எர்னஸ்ட் சக்காரெவிச் என்ற ஓவியர் ஆர்மேனியன் ஸ்ட்ரீட் சுவரில் இரண்டு பிள்ளைகளை வரைந்தார். அவர்கள் ஏறியிருக்கும் சைக்கிளை வரையவில்லை. நிஜ சைக்கிளையே சுவரோடு சேர்த்துவிட்டார். இன்றைக்கும் அதன் முன்னால் படம் எடுக்க வரிசை நிற்கிறது. ஹின் பஸ் டிப்போ 1947ல் கட்டிய பேருந்துப் பணிமனை, 2014லிருந்து ஓவியக்கூடம். ஒரு கட்டடத்துக்கே மறுவாழ்வு கொடுக்கிற ஊரில், ஒரு டின்னுக்குக் கொடுக்கக்கூடாதா?

பட்டர்வொர்த் மாறன்:
தங்கச்சி, நான் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவன், அப்பா காலத்திலிருந்து. அந்தப் பெரியவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

அலுமினிய டின் சுத்தமாக வந்தால் நசுக்கிக் கட்டி அனுப்பிவிடுவோம். உருக்கினால் மறுபடியும் டின்தான். தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிட ஏறக்குறைய 95 விழுக்காடு மின்சக்தி மிச்சம். அதே டின்னுக்குள் சிமெண்டு ஊற்றி, வெளியே குளூ கன்னால் மணியும் மினுமினுப்பும் ஒட்டிப் பேனா ஸ்டாண்டு என்று கொண்டுவந்தால் நான் என்ன செய்வது? டின்னும் போச்சு, சிமெண்டும் போச்சு. எந்தப் பக்கமும் சேராது. கண்காட்சி முடிந்து இப்படி மூட்டை மூட்டையாக என் கடைக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். திருப்பித்தான் அனுப்புவேன்.

பிளாஸ்டிக் போத்தலும் அப்படித்தான். சூ சீ அறநிறுவனம் அதைச் சேகரித்து நூலாக்கி, போர்வை நெய்து, பேரிடர் நடந்த இடங்களுக்கு அனுப்புகிறது. அந்தப் போத்தலை வெட்டிப் பெயின்ட் அடித்துப் பூ செய்தால் ஆயுசு எத்தனை நாள்? அப்புறம் புலாவ் புருங் குப்பைமேடுதான். 2022 ஜனவரியில் அந்த மேடு தீப்பிடித்துக் கிளம்பிய புகையை நிபோங் திபால் ஜனங்களைக் கேட்டுப் பாருங்கள்.

செந்தூல் தச்சர்:
மாறன் அண்ணே, உலோகத்துக்கு நீங்கள் சொல்வது சரி. மரத்தை யார் எடைக்கு வாங்குகிறார்கள்?

நான் ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளைப் புதுப்பிக்கும் வேலையில் இருந்தவன். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1997ல் ரத்து செய்து, 2000ல் அது முழுசாக விலகிய பிறகு வீடுகள் கைமாறின. 2008ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகர அங்கீகாரம் வந்தது, இன்னும் வேகமாக மாறின. உள்ளே இருந்த செங்கால் மர ஜன்னலும் விட்டமும் ரோரோ எனும் பெரிய குப்பைத் தொட்டிக்குப் போனதைக் கண்ணால் பார்த்தேன். மேலே சாம்பல் பூத்துச் செத்த கட்டை மாதிரி இருக்கும். இழைப்புளி ஒரு தடவை ஓடட்டும், உள்ளே பழுப்புத் தங்கமாக மினுங்கும். ஆணியே கிடையாது, ஒரு கட்டையின் நாக்கை இன்னொன்றின் துளையில் இறக்கி, மர ஆப்பு அடித்திருப்பார்கள். எத்தனையோ பருவமழையைப் பார்த்த இணைப்பு, ஆப்பை எடுக்காமல் சுத்தியலால் தட்டினால்கூட அசையாது. அந்த அளவு முற்றிய செங்கால் இன்றைக்குக் கடையில் கேட்டால் கிடைக்குமா? கிடைத்தாலும் நம்மால் வாங்க முடியாது. ஒரு பிள்ளை அந்த ஆப்பைத் தட்டிக் கழற்றிப் பார்த்துவிட்டால், எந்தப் புத்தகமும் தராத பாடம் அது. அப்படிப்பட்ட பட்டறை என்றால் நான் சனிக்கிழமை பஸ் ஏறி வருகிறேன்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
நான் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கலை பற்றி நீங்கள் பேசுங்கள், நான் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறேன்.

டயர் பூந்தொட்டி வேண்டவே வேண்டாம். எவ்வளவு ஓட்டை போட்டாலும் உள்வளைவில் தண்ணீர் தங்கும். ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரு மழை போதும். 1962லேயே டெங்கி ரத்தக்கசிவுக் காய்ச்சலைப் பார்த்த ஊர் பினாங்கு. கொசு பெருகும் இடம் வைத்திருந்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சம்மன் வேறு வரும், கோயில் என்று பார்க்க மாட்டார்கள்.

தச்சர் தம்பி, பழைய ஜன்னலின் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். மணல்தாள் போட்டால் வரும் தூசு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பெயின்ட் உரிக்கிற வேலையைப் பெரியவர்கள் முகக்கவசம் போட்டு, வேறு இடத்தில் முடித்துவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் மரத்தைத் தரவேண்டும். சரக்குப் பேலட் எடுப்பதானால் அதில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கும், பக்கத்தில் எழுத்தைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடாதீர்கள். முத்திரையே இல்லாததும் வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸ் அருள்:
எனக்கு வேறு ஒரு கோபம். தோட்டத்தில் நம் பாட்டிமார் மைலோ டின்னில் செடி வைத்தார்கள், கிழிந்த சேலைகளை அடுக்கித் தைத்துப் போர்த்திக்கொண்டார்கள். ஒட்டுக்கடையில் பால் டின்னின் மூடியை மேலே மடக்கி, ஓட்டை போட்டுக் கயிறு கோத்து, அதில் கோப்பி ஊற்றிக் கொடுத்தார்கள். கை சுடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். அதை அன்றைக்கு யாரும் கலை என்று சொல்லவில்லை, இல்லாதவன் பிழைப்பு என்றார்கள். இன்றைக்கு அதே டின்னில் பல்பைத் தொங்கவிட்டு காப்பிக்கடைகளுக்கு நல்ல விலைக்கு விற்கிறார்கள். செய்த கைக்கு எவ்வளவு போகிறது? கோலாலம்பூரில் பிஜி-பிஜி என்ற சமூகத் தொழில் நிறுவனத்தார் கார் சீட் பெல்ட்டையும் பழைய பேனரையும் பையாகத் தைத்து, அதை ஒரு தொழிலாகவே காட்டினார்கள். அந்த மாதிரி தைக்கிறவருக்குச் சம்பளம் வந்தால் சரி. பிள்ளைகளை வைத்துக் கைவினை விற்பனை என்று கிளம்பினால் நான் எதிர்ப்பேன்.

ஜெலுத்தோங் கவிதா:
விற்பனை கிடையாது அருள் அண்ணே. அக்கா, டயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

மாறன் அண்ணனிடம் மட்டும் ஒன்று. எல்லாவற்றையும் கிலோ கணக்கில் பார்த்தால் நேக் சந்த் என்ற மனிதரை எதில் சேர்ப்பீர்கள்? சாலை ஆய்வாளர். சண்டிகார் நகரத்தைக் கட்ட இடித்துப்போட்ட ஊர்களின் சிதிலம், உடைந்த வளையல், பீங்கான் துண்டு எல்லாம் பொறுக்கி, வருசக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் அரசு நிலத்தில் சிலைகள் செய்தார். அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். இடித்துவிடாமல் 1976ல் பூங்காவாகத் திறந்துவைத்தார்கள். அந்த வளையல் துண்டுகளுக்கு உங்கள் தராசில் என்ன விலை?

பட்டர்வொர்த் மாறன்:
ஒன்றும் இல்லை. அதனால்தான் அவர் செய்தது சரி என்கிறேன்! அவர் எடுத்ததெல்லாம் யாரும் வாங்காத பொருள். நான் கேட்பதும் அவ்வளவுதான். எனக்கு விலைபோகிற அலுமினியம், செம்பு, பித்தளை, சுத்தமான போத்தலை விட்டுவிடுங்கள். நான் தள்ளிவிடுகிற சாமான் மலையாகக் கிடக்கிறது. உடைந்த ஓடு, பீங்கான் தட்டு. அதைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கவே முடியாது. கார் உடைக்கும் கடையில் அறுத்துப்போட்ட சீட் பெல்ட். 2022 தேர்தல் பேனர்கூட மூலையில் இருக்கிறது, தைக்கலாம், ஆனால் தீயில் வாட்டாதீர்கள், அமிலப் புகை வரும். தையல்கடைத் துண்டுத்துணியும் கேட்டால் தருவார்கள். வண்டி அனுப்புங்கள், இலவசமாக ஏற்றிவிடுகிறேன்.

ஜெலுத்தோங் கவிதா:
நன்றி அண்ணே, வண்டி வரும். ஆனால் பழைய சைக்கிள் ஃபிரேம் ஒன்று எனக்குக் கட்டாயம் வேண்டும். இரும்பு என்று தெரியும், உங்கள் கடையில் விலை போகும் என்றும் தெரியும். பிள்ளைகள் மயில் செய்ய ஆசைப்படுகிறார்கள். ஹேண்டில்பாரைப் பார்த்ததும் ஒரு பையன், "டீச்சர், இது கழுத்து" என்றான். அதை எடைக்குப் போடச் சொல்லாதீர்கள்.

செந்தூல் தச்சர்:
ஒட்டாமல், வெல்டிங் வைக்காமல் செய்யலாமே. போல்ட், நட்டு, முறுக்குக் கம்பி போதும். பிள்ளைகளுக்கு ஸ்பேனர் பிடிக்கவும் வரும். மயில் வேண்டாம் என்றால் அரை மணி நேரத்தில் கழற்றிவிடலாம், மாறன் அண்ணனுக்கு இரும்பு சுத்தமாகத் திரும்பிப் போகும். ஜன்னல் கட்டைகளை நானே இங்கே பெயின்ட் உரித்துக் கொண்டுவருகிறேன்.

பட்டர்வொர்த் மாறன்:
போல்ட் போட்டது என்றால் ஆட்சேபம் இல்லை. சைக்கிள் தருகிறேன். விடுமுறை முடிந்ததும் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

ஜெலுத்தோங் கவிதா:
மயில் நன்றாக வந்துவிட்டால் திருப்பித் தரமாட்டோம் அண்ணே, இப்போதே சொல்லிவிடுகிறேன்.